மாற்றத்தகு மேசை மின்வழங்கி: கூறுகளைத் தெரிதலும் வெப்பத்தின் கணக்கும்

1. தோற்றுவாய்

இலத்திரனியலைக் கற்கப் புகும் மாணவர் தம் கையால் முதலில் ஆக்கிக்கொள்ள வேண்டிய கருவி யாது என்ற வினா எழும்போதெல்லாம், மேசை மின்வழங்கி என்றே நாம் விடை கூறிவருகின்றோம். திரான்சிற்றர் ஒன்றின் சிறப்பியல்பை ஆராயவும், பழுதடைந்த வானொலியைப் பரிசோதிக்கவும், சிறு மோட்டரொன்றைச் சுழற்றவும் வேண்டிய அழுத்தத்தை வேண்டிய அளவில் தரவல்லது அதுவே. உலர்மின்கலங்களை வாங்கி வாங்கித் தீர்த்துவிடும் செலவு தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்குச் சிறிதன்று. உயர்தரப் பரீட்சையில் தொழினுட்பவியற் பிரிவு 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பின்னர் இக்கருவியின் தேவை மேலும் மிகுந்துள்ளது.

மலையகத்திற் பிறக்கும் ஆறுகளே இந்நாட்டின் மின்வளத்துக்கு முதல் ஊற்றாய் அமைந்தன. நுவரெலியா நகருக்கு ஒளி வழங்கிய பிளக்பூல் சிறு நீர்மின்நிலையம் 1912இல் இயங்கத் தொடங்கியது. 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர தமது ஆய்வுரையில் மலைநாட்டு நீர்வலுவின் பயனை எடுத்துக்காட்டினார். லக்சபானா 1950இல் இயங்கலாயிற்று. 1980களில் கொத்மலை, விக்டோறியா, ரந்தெனிகல என மகாவலியின் வழியெங்கும் மின்நிலையங்கள் எழுந்தன. தேயிலைத் தொழிற்சாலைகள் பல தத்தம் ஓடைகளிற் சிறு நீர்ச்சுழலிகளையும் வைத்திருந்தன. ஆயினும் அவ்வாறுகளின் கரைகளிலே அமைந்த லயங்களில் நெடுங்காலம் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கே. மின்சாரம் பிந்தி வந்தது. மின்சாரத்தைப் பற்றிய அறிவு அதனினும் பிந்தி வருகின்றது. மின்னொழுக்கினால் லயன் அறைகள் எரிந்தன என்ற செய்திகளை நாம் பலமுறை படித்துள்ளோம். எனவே வீட்டிலே மின்வழங்கி அமைப்பது எப்படி என்ற வினா இங்கு பொழுதுபோக்காளரின் வினா மட்டுமன்று.

வலப்பனைப் பகுதியில் தோட்டப் பாடசாலை மாணவர் சிலருடன் சேர்ந்து நாம் அமைத்த முதல் மின்வழங்கி ஒரு பாடத்தைக் கற்பித்தது. பிரதிசெய்த வரைபடம் ஒன்றைப் பின்பற்றி, 1.5 அம்பியர் தாங்கும் எனக் குறிக்கப்பட்ட நிலைநிறுத்தியை வாங்கிப் பொருத்தினோம். 12 உவோற்றில் அது செவ்வனே இயங்கிற்று. 3 உவோற்றுக்குக் குறைத்து ஒரு மோட்டரை இணைத்ததும், சில நிமிடங்களில் அழுத்தம் தானே வீழ்ந்தது, ஆறியபின் மீண்டும் எழுந்தது, மறுபடியும் வீழ்ந்தது. கூறு பழுதானது என்றார் ஒரு மாணவர்; கடைக்காரர் ஏமாற்றினார் என்றார் மற்றொருவர். உண்மையில் பழுதும் இல்லை, ஏமாற்றும் இல்லை. பிழை எமது கணக்கிலேயே இருந்தது. அப்பிழையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தேவையை வரையறுத்தல்

கூறுகளைத் தெரிவதற்கு முன்னர் கருவி யாது செய்யவேண்டும் என்பதை எழுதிக்கொள்ளல் வேண்டும். எமது தேவை இது: வெளியீடு 1.25 உவோற்று முதல் 12 உவோற்று வரை. உயர்ந்த ஓட்டம் 1 அம்பியர். உள்ளீடு 230 உவோற்று, 50 ஹேர்ட்சு ஆடலோட்டம். பாடசாலைப் பரிசோதனைகளுக்கு இது தாராளமாகப் போதும்.

230 உவோற்று என்பது பெயரளவிலான பெறுமானமே. நீண்ட கம்பிவழியின் கடைக்கோடியிலுள்ள வீட்டில், எல்லா அடுப்புகளும் விளக்குகளும் எரியும் மாலைவேளையில் அழுத்தம் தாழும், நள்ளிரவில் உயரும். ஆகவே நூற்றுக்குப் பத்துத் தாழ்வையும் நூற்றுக்குப் பத்து உயர்வையும் கணக்கிற் கொள்வோம். தாழ்ந்த நிலை, கருவி தன் பணியைச் செய்யுமா என்பதைத் தீர்மானிக்கும். உயர்ந்த நிலை, கருவி தப்பிப் பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு கூறையும் தெரியும்போது இவ்விரண்டில் எது அதற்குக் கொடியது என்று கேட்டல் வேண்டும்.

3. நிலைமாற்றி

கணக்கை வெளியீட்டிலிருந்து பின்னோக்கி நடத்துதல் நன்று. வெளியீடு 12 உவோற்று. நிலைநிறுத்தி ஒழுங்காகத் தொழிற்படுவதற்கு அதன் உள்ளீடு வெளியீட்டிலும் ஏறத்தாழ 3 உவோற்று கூடியிருத்தல் வேண்டும். எனவே கொள்ளளவியின் அழுத்தம் எக்கணத்திலும் 15 உவோற்றுக்குக் கீழே இறங்கலாகாது. குற்றலைக்கென 2.1 உவோற்றையும், பாலச் சீராக்கியில் ஒருசேரக் கடத்தும் இரண்டு இருவாயிகளுக்கென 2 உவோற்றையும் கூட்டினால் 19.1 உவோற்று ஆகும். இது தாழ்ந்த நிலையில் வேண்டிய உச்சப் பெறுமானம். வழமையான நிலையில் இது 21.2 உவோற்று ஆகவேண்டும். அதனை 1.414 ஆல் வகுக்க, இடைவர்க்கமூலப் பெறுமானம் 15 உவோற்று எனப் பெறப்படும். 12 உவோற்று வெளியீட்டுக்கு 12 உவோற்று நிலைமாற்றியே போதும் என வாங்குவோர் மாலைவேளையில் ஏமாற்றமடைவதன் காரணம் இதுவே.

நிலைமாற்றியின் ஓட்ட அளவிலும் பலர் தவறுவர். கொள்ளளவி நேரோட்டத்தைச் சீராக வழங்கினாலும், துணைச்சுருளிலிருந்து அது ஓட்டத்தைப் பெறுவது ஒவ்வோர் உச்சத்தின் அருகிலும் குறுகிய துடிப்புகளாகவே. இதனால் சுருளிற் பாயும் ஓட்டத்தின் இடைவர்க்கமூலப் பெறுமானம் நேரோட்டத்தின் ஏறத்தாழ 1.8 மடங்காகும். 15 உவோற்றை 1.8 அம்பியராற் பெருக்க 27 கிடைக்கும். 30 உவோற்று-அம்பியர் நிலைமாற்றியே பொருத்தமானது. 1 அம்பியர் எனக் குறிக்கப்பட்ட சிறு நிலைமாற்றியை இட்டால் அது உடனே எரிந்துவிடாது. ஆனால் நாள்தோறும் சூடேறிச் சுருளின் காவலி சிறிது சிறிதாகக் கருகும்.

4. சீராக்கியும் கொள்ளளவியும்

இருவாயிகளுள் 1 என் 4007 எங்கும் கிடைப்பது. 1000 உவோற்று, 1 அம்பியர் அளவினது. பாலத்தில் ஒவ்வோர் இருவாயியும் சராசரியாக அரை அம்பியரையே கொண்டுசெல்லும் ஆதலால் ஏட்டளவில் அது போதும். எனினும் ஆளியைப் போட்ட கணத்தில் வெறுமையாயிருக்கும் கொள்ளளவி குறுஞ்சுற்றுப் போலத் தோன்றும். அப்போது பெரும் ஓட்டம் பாயும். ஆகவே 3 அம்பியர் அளவினதான 1 என் 5402 போன்றதைத் தெரிதல் நன்று. விலை வேறுபாடு சிறிது. தடித்த அதன் கம்பிகள் வெப்பத்தை வெளியே கொண்டுசெல்லவும் உதவும். 1000 உவோற்று என்ற பெரிய இலக்கத்தால் எமக்கு இங்கு பயனில்லை. பாலத்தில் ஓர் இருவாயி எதிர்நோக்கும் பின்முக அழுத்தம் 30 உவோற்றுக்கும் குறைவே.

கொள்ளளவியின் பெறுமானத்தை எளிய சமன்பாட்டினாற் பெறலாம். 50 ஹேர்ட்சு ஆடலோட்டம் முழுவலைச் சீராக்கத்தின் பின் 100 ஹேர்ட்சு மீடிறனுடைய துடிப்புகளாகும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மில்லிசெக்கன். 1 அம்பியர் ஓட்டம் அந்நேரத்தில் எடுத்துச்செல்லும் மின்னேற்றத்தை 4700 மைக்கிரோபரட்டால் வகுத்தால் 2.1 உவோற்றுக் குற்றலை கிடைக்கும். மேலே நாம் கொண்ட பெறுமானம் இதுவே. இதனை மேலும் பெருக்குவதாற் குற்றலை குறையுமாயினும் தொடக்க ஓட்டமும் சுருளின் துடிப்பும் கூடும்.

கொள்ளளவி தாங்கவேண்டிய அழுத்தத்துக்குக் கொடியது உயர்ந்த நிலையாகும். நூற்றுக்குப் பத்து உயர்வில் 15 உவோற்றுச் சுருளின் உச்சம் 23.3 உவோற்று. சுமையற்றபோது சிறு நிலைமாற்றியின் அழுத்தம் மேலும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து உயரக்கூடும், அப்போது 26.8 உவோற்று. இருவாயிகளின் இழப்பைக் கழித்தபின்னும் 25 உவோற்றுக்கு மேலேயே நிற்கும். ஆகவே 25 உவோற்றுக் கொள்ளளவி தகாது; 35 உவோற்று வேண்டும். மேலும், மின்பகு கொள்ளளவியின் ஆயுள் வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகையால் உயரும்போதும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. 105 பாகை எனக் குறிக்கப்பட்டதை வாங்கி, செட்டைத் தகட்டிலிருந்து விலக்கிப் பொருத்துதல் அறிவுடைமை.

5. நிலைநிறுத்தியும் வெப்பமும்

இனி எமது பிழைக்கு வருவோம். எல்.எம். 317 என்னும் மூன்று முனை ஒருங்கிணைந்த சுற்று 1976இல் வெளிவந்தது. நஷனல் செமிகொண்டக்டர் நிறுவனத்தில் ரொபேட் டொப்கின் அதன் ஆக்கத்தில் முதன்மையானவர். வெளியீட்டு முனைக்கும் செப்பஞ்செய் முனைக்கும் இடையே 1.25 உவோற்றை மாறாது பேணுவதே அதன் தொழில். இரண்டு தடையிகளால் வெளியீட்டை விரும்பியவாறு அமைக்கலாம். அதன் தரவுத்தாளில் 1.5 அம்பியர் எனக் காணப்படுகின்றது. நாம் அதனை ஒரு வாக்குறுதியாகக் கொண்டோம். அதுவோ பல நிபந்தனைகளுள் ஒன்றே.

இவ்வகை நிலைநிறுத்தி மிகையான அழுத்தத்தை வெப்பமாக்கிக் கழிக்கின்றது. உயர்ந்த நிலையில் முழுச் சுமையில் கொள்ளளவியின் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 20.2 உவோற்று. வெளியீடு 12 உவோற்றாயின் கழிவது 8.2 உவோற்று, 1 அம்பியரில் 8.2 உவாற்று. வெளியீடு 1.25 உவோற்றாயின் கழிவது 19 உவாற்று. கருவி குறைவாகக் கொடுக்கும்போதே மிகுதியாக வேகுகின்றது. அழுத்தத்தைக் குறைத்தாற் சுமையும் குறையும் என்ற இயல்பான எண்ணம் இங்கு முற்றிலும் பிழையாகின்றது. எமது மோட்டர் 3 உவோற்றில் நின்றதும் இதனாலேயே. தன்னைக் காத்துக்கொள்ளும் அமைப்பு உள்ளே இருந்தமையால் நிலைநிறுத்தி எரியாது ஓய்வெடுத்தது.

வெப்பத்தின் ஓட்டத்தை மின்னோட்டத்தைப் போன்றே கணிக்கலாம். வெப்பநிலை வித்தியாசம் அழுத்தத்தையும், உவாற்று ஓட்டத்தையும் ஒக்கும். இவற்றின் விகிதம் வெப்பத்தடை. சிலிக்கன் சந்தி 125 பாகை செல்சியசைத் தாண்டலாகாது. பெட்டியின் உள்ளே 30 பாகை எனக் கொள்வோமாயின் செலவிடக்கூடிய வித்தியாசம் 95 பாகை. அதனை 19 உவாற்றால் வகுக்க, உவாற்றுக்கு 5 பாகை என்ற மொத்த வெப்பத்தடை கிடைக்கும். ஆனால் சந்தியிலிருந்து உறைக்கு ஏறத்தாழ 4 பாகையும், மைக்காக் காவலிக்கு 1 பாகையும் சென்றுவிடும். செட்டைத் தகட்டுக்கு எஞ்சுவது சுழியம். அதாவது, எத்துணைப் பெரிய அலுமினியத் தகட்டைப் பொருத்தினாலும் இந்நிலையில் அக்கூறு 1 அம்பியரைத் தொடர்ந்து வழங்காது.

எங்கள் ஊர் குளிரானதாயிற்றே என்று மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல வினா. பெட்டியின் உள்ளே 20 பாகையெனக் கொண்டாலும் செலவிடக்கூடியது 105 பாகையே; தகட்டுக்கு எஞ்சுவது உவாற்றுக்கு அரைப் பாகை. அத்தகைய தகடு கருவியினும் பெரிதாயிருக்கும். மேலும் உயரமான தோட்டங்களிற் காற்றின் அடர்த்தி குறைவாதலால் அது வெப்பத்தைக் கொண்டுசெல்லும் திறனும் குறையும். ஊரின் குளிர் சிலிக்கனைச் சென்றடைவதற்கு இத்தடைகள் அனைத்தையும் கடக்கவேண்டும்.

6. இரண்டு தீர்வுகள்

முதலாவது தீர்வு வெப்பத்தைத் தோன்றுமுன்னரே தவிர்ப்பது. துணைச்சுருளில் 9, 12, 15 உவோற்று என மூன்று முனைகள் உள்ள நிலைமாற்றியைச் சுற்றுவித்து, சுழல் ஆளி ஒன்றினால் தெரிந்துகொள்ளலாம். 9 உவோற்று முனையில் வெளியீடு 4 உவோற்று வரை. 12 உவோற்று முனையில் 4 முதல் 8 வரை. 15 உவோற்று முனையில் 8 முதல் 12 வரை. மேற்கூறிய கணக்கை ஒவ்வொரு முனைக்கும் மீண்டும் செய்தால் மிகக் கொடிய நிலையிலும் கழிவு 12 உவாற்றை ஒட்டியே நிற்கும். அப்போது 95ஐ 12ஆல் வகுக்க ஏறத்தாழ 7.9, அதிலிருந்து 5ஐக் கழிக்க 2.9. கடைகளில் ஹீற்சிங் என்று கேட்டு வாங்கும் செட்டைத் தகடுகளுள், உவாற்றுக்கு 2.5 பாகை அல்லது அதனினும் குறைந்த வெப்பத்தடையுடையதைப் பெட்டியின் வெளிப்புறத்தில் செட்டைகள் நிலைக்குத்தாக நிற்குமாறு பொருத்தினாற் போதும்.

இரண்டாவது தீர்வு தேவையைக் குறைப்பது. மாணவரின் பரிசோதனைகளுட் பெரும்பாலானவை அரை அம்பியருக்குக் குறைவானவை. 15 உவோற்றுச் சுருள் ஒன்றையே வைத்துக்கொண்டு ஓட்டத்தை அரை அம்பியருக்கு மட்டுப்படுத்தினால் கழிவு ஏறத்தாழ 10 உவாற்று. தகட்டுக்கு உவாற்றுக்கு 4.5 பாகை எஞ்சும். செலவும் குறையும். குறைந்ததை நேர்மையாக முகப்பில் எழுதி ஒட்டுவது, நிறைவேறாத பெரிய இலக்கத்தை எழுதுவதிலும் மேலானது.

7. சிறு கூறுகள்

வெளியீட்டுக்கும் செப்பஞ்செய் முனைக்கும் இடையிலான தடையியை 240 ஓம் எனப் பல வரைபடங்கள் காட்டும். எனினும் சுமையற்ற நிலையில் எல்.எம். 317 சீராக இருக்க 10 மில்லியம்பியர் வரை வேண்டப்படலாம். இரண்டு 220 ஓம் தடையிகளைச் சமாந்தரமாக இணைத்தால் 110 ஓம், 1.25 உவோற்றில் 11.4 மில்லியம்பியர் பாயும். மாறுந்தடையி 1000 ஓம் ஆயின் உயர்ந்த வெளியீடு 12.6 உவோற்று. மாறுந்தடையியின் நகரும் முனையை அதன் ஓர் ஓர முனையுடன் சேர்த்து இணைத்தல் வேண்டும். அவ்வாறாயின், மூடுபனியின் ஈரத்தால் தொடுகை அற்றுப்போனாலும் வெளியீடு 12.6ஐத் தாண்டாது, இணைக்காவிடின் உள்ளீட்டு அழுத்தம் முழுவதும் பரிசோதனைச் சுற்றிற் பாய்ந்துவிடக்கூடும். இத்தகைய காப்புக்கு ஒரு சிறு கம்பித்துண்டே செலவு.

நிலைநிறுத்தியின் உள்ளார்ந்த ஓட்ட எல்லை அதனைத்தான் காக்கும். பரிசோதனையிலுள்ள திரான்சிற்றரைக் காக்காது. உருகியும் அதற்கு மிகப் பிந்தியே உருகும். புதிய சுற்றுக்கு முதன்முறை வலு கொடுக்கும்போது, முச்சக்கரவண்டி உதிரிக் கடையிற் கிடைக்கும் 12 உவோற்று, 5 உவாற்று இழை விளக்கைத் தொடராக இணைப்பது நாம் கண்ட எளிய காப்பு. குளிர்ந்த இழையின் தடை சிறிது; குறுஞ்சுற்று ஏற்பட்டால் இழை சிவந்து தடை பெருகி, ஓட்டத்தை ஏறத்தாழ 0.4 அம்பியரில் நிறுத்தும். விளக்கு எரிவதே எச்சரிக்கையாகவும் அமையும்.

8. உயிர்க்காப்பு

முதற்சுருளின் பக்கத்திற் பொருளாதாரம் பார்த்தலாகாது. 30 உவோற்று-அம்பியர் நிலைமாற்றி 230 உவோற்றில் ஏறத்தாழ 0.13 அம்பியரையே பெறும், 0.25 அம்பியர் மந்த உருகி போதுமானது. இருமுனை ஆளி, மூன்று கம்பி வடம், உலோகப் பெட்டியுடன் இறுக்கமாகத் திருகப்பட்ட புவித்தொடுப்பு ஆகியன இன்றியமையாதன. இலவசமாகக் கிடைத்த பழைய இரண்டு கம்பி வடத்தைப் பயன்படுத்துவோரை நாம் கண்டுள்ளோம், அது வேண்டா.

புவித்தொடுப்பு நம்பத்தக்கதாயில்லாத லயன் அறையில் என்ன செய்வது? அங்கு 230 உவோற்றைத் திறந்து வேலைசெய்யவே வேண்டியதில்லை என்பது எமது துணிபு. பழைய மடிக்கணினிகளின் மின்னூட்டிகள் பெரும்பாலும் 19 உவோற்று நேரோட்டத்தை வழங்குகின்றன. அவற்றுள் சதுரத்தினுட் சதுரம் என்ற அடையாளம் பொறிக்கப்பட்டவை இரட்டைக் காவலி கொண்டவை; புவித்தொடுப்பை வேண்டாதவை. அத்தகைய நல்ல மின்னூட்டியைத் திறக்காது அப்படியே பயன்படுத்தி, அதன் வெளியீட்டில் எல்.எம். 317ஐ இணைத்தால், நிலைமாற்றி, சீராக்கி, பெருங்கொள்ளளவி ஆகிய மூன்றும் தேவையற்றுப்போம். அரை அம்பியரில் உயர்ந்த கழிவு 9 உவாற்றளவே. மேலும் ஓட்டம் வேண்டுவோர் எல்.எம். 2596 போன்ற ஆளிமுறை மாற்றியை நாடலாம். அது மிகை அழுத்தத்தை எரிக்காமல், செக்கனுக்கு 150,000 முறை ஆளியைத் திறந்து மூடி வேண்டிய சக்தியை மட்டும் எடுப்பதால் வெப்பம் மிகக் குறைவு. அதன் வெளியீட்டில் எஞ்சும் மெல்லிய இரைச்சல் வானொலி வேலைக்கு இடையூறாகலாம். மோட்டருக்கும் விளக்குக்கும் அன்று.

இறுதியாக, சித்திரையிலும் ஐப்பசியிலும் இடியுடன் கூடிய பின்னேர மழைக்காலத்தில், முழக்கம் கேட்குமுன்னரே செருகியைக் கழற்றிவிடல் வேண்டும். இடிமின்னலுக்கு எந்த உருகியும் ஈடன்று.

9. வாங்கிய கூறைச் சோதித்தல்

இன்று சந்தையிற் போலிக் கூறுகள் பல உலவுகின்றன. மேற்பரப்பிற் பொறித்த எழுத்தை நம்பாது, கருவியை முழுமையாகப் பூட்டியபின் கொடிய நிலையிற் சோதித்தல் வேண்டும். உயர்ந்த ஓட்டத்தையும், ஒவ்வொரு முனையிலும் மிகத் தாழ்ந்த வெளியீட்டையும் அமைத்து அரைமணி நேரம் ஓடவிடுக. தகட்டை விரலால் அன்றி வெப்பமானியால் அளக்குக. 12 உவாற்றில் நிலைநிறுத்தியின் உறைக்கும் சந்திக்கும் இடையே மட்டும் 48 பாகை வித்தியாசம் இருக்கும். தகடு 65 பாகையில் நின்றால் சந்தி எல்லையை நெருங்கிவிட்டது எனக் கொள்க. அழுத்தம் தளராமல் நின்றாற் கருவி தேறியது.

10. முடிவுரை

எமது இரண்டாவது மின்வழங்கியை அம்மாணவரே அமைத்தனர். வரைபடத்தை அவர்கள் மாற்றவில்லை. ஒவ்வொரு கூறுக்கும் எதிரே, அது எதிர்நோக்கும் கொடிய நிலையையும் அப்போது எஞ்சும் இடைவெளியையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதினர். 25 உவோற்றுக் கொள்ளளவி நீக்கப்பட்டது; சுருளில் மூன்று முனைகள் வந்தன; அதே 3 உவோற்றில் அதே மோட்டர் நிற்காமற் சுழன்றது.

கூறின் மேற்பொறித்த இலக்கம் அதன் பலத்தின் ஒரு பகுதியை மட்டுமே கூறும். அது எத்தகைய அழுத்தத்தில், எத்தகைய வெப்பத்தில், எவ்வளவு நேரம் என்பதைப் பயன்படுத்துவோரே கேட்டறிதல் வேண்டும். மலையகத்தின் நீர் பிறர் வீடுகளை ஒளிரச் செய்ததுபோல், அம்மின்சாரத்தின் அறிவும் பிறரிடமே தங்கிவிடலாகாது. ஆய்வுகூடம் வாய்க்காத பாடசாலைக்கு நாம் அனுப்பக்கூடிய உதவிகளுள், பூட்டி முடித்த கருவியிலும் இக்கணக்கு எழுதிய கொப்பி பெறுமதி மிக்கது என்பது எமது கருத்து. அதனைத் தமிழில், மாணவர் விளங்கும் வண்ணம் எழுதிப் பரப்புவது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடமையாகும்.